ஒத்தை மோட்டார் கிட்டை ரெண்டு அடுக்காக்கினா உயரம் ரெட்டிப்பாகுமா?

கேள்வி, ஜூன் 11
கடையில வாங்கின ஒத்தை மோட்டார் ராக்கெட் கிட் ஒண்ணு இருக்குங்க. சி6-5 மோட்டார் போட்டா 300 மீட்டர் போகும்னு பெட்டியில போட்டிருக்கு. கீழ இன்னொரு குழாயை ஒட்டி இன்னொரு சி6 வெச்சுட்டா 600 மீட்டர் போகும்தானே? யாராச்சும் செஞ்சு பார்த்திருக்கீங்களா? நமக்கு தாராபுரம் பக்கம்.

ஜூன் 11, இரவு
நானும் இப்ப அதைத்தான் செஞ்சுட்டு இருக்கேன் தம்பி. என் கிட்டும் ஏறக்குறைய உங்களுது மாதிரிதான். 25 மி.மீ. குழாய், 31 செ.மீ. நீளம், பால்சாங்கற லேசான மரத்துல மூணு இறக்கை, மோட்டார் இல்லாம 34 கிராம்.

600 வராது. கீழ் மோட்டார் தன்னை மட்டும் தூக்கறதில்லை, மேல இருக்கற முழு ராக்கெட்டையும் எரியாத மோட்டாரோட சேர்த்துத் தூக்குது. என் கணக்குல மேல் அடுக்கு மோட்டாரோட 59 கிராம், கீழ் அடுக்கு 37, மொத்தம் 96. சி6 தூக்கறதுக்குச் சொல்ற எல்லை 113 கிராம். எல்லைக்குள்ள இருக்கு, ஆனா தாராளமா இல்லை.

மோட்டார் பேரைப் படிக்கத் தெரியணும். எழுத்து மொத்த உந்தத்தைச் சொல்லுது. சி-ன்னா 5-க்கு மேல 10 நியூட்டன் செகண்ட் வரைக்கும், அடுத்த எழுத்துக்குப் போனா ரெட்டிப்பு. நடு எண் சராசரி விசை. கடைசி எண், எரிஞ்சு முடிஞ்சு எத்தனை செகண்ட் கழிச்சு குடையை, அதாவது பாராசூட்டை, வெளிய தள்ளற மருந்து வெடிக்கும்ங்கறது. கீழ் அடுக்குக்கு 0 போட்ட மோட்டார்தான் வேணும், சி6-0. அதுல தாமதமும் இல்லை, குடை மருந்தும் இல்லை. உங்ககிட்ட இருக்கற சி6-5-ஐக் கீழ வெச்சீங்கன்னா மேல் மோட்டார் சரியான நேரத்துல தீப்பிடிக்காம மொத்தமும் தலைகுப்புற வந்து விழும்.

ஜூன் 12, காலை
நேத்து எழுதினதுல ஒரு திருத்தம். சுமையினாலதான் 600 வராதுன்னு சொன்னது தப்பு. ராத்திரி படுத்துட்டே கணக்குப் போட்டேன். காத்தே இல்லாட்டி, இந்தச் சுமையோடவே ரெண்டடுக்கு உயரம் ரெட்டிப்பையும் தாண்டும். உயரம் வேகத்தோட வர்க்கத்துல ஏறுது இல்லீங்களா. ஒத்தை மோட்டார்லயே காத்து இல்லாட்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல போகணும். 300தான் போகுதுன்னா மிச்சத்தைக் காத்து பிடிச்சு வெச்சுக்குது. வேகம் ரெண்டு மடங்கானா காத்துத் தடை நாலு மடங்கு. அதனால மேல் அடுக்கு எவ்வளவு வேகமா ஓடுதோ அவ்வளவுக்கு வீணாகவும் போகுது.

ஜூன் 16
கீழ் அடுக்குக்குக் குழாய் தேடி அலைஞ்சேன். திருப்பூர்ல துணி ரோல் சுத்தி வர்ற அட்டைக் குழாய் எங்க பார்த்தாலும் கிடக்கும். ஒண்ணை வாங்கிட்டு வந்து 11 செ.மீ. அறுத்து நிறுத்தா, அதுவே ராக்கெட்டை விட எடை. சுவர் அத்தனை கனம். விட்டுட்டேன்.

அப்புறம் 25 மி.மீ. வர்ற மாதிரி மரத்துல ஒரு உருளை கடைஞ்சு, மெழுகு தேய்ச்சு, பழுப்புத் தாளை ஃபெவிகால் போட்டு மூணு சுத்து சுத்தி எடுத்தேன். 3 கிராம்தான். ஒரு நாள் காய விடணும். அவசரப்பட்டு உருவினா சுருங்கிப் போயிடுது, எனக்கு ரெண்டு போச்சு.

ஜூன் 23
நான் பம்ப் கம்பெனிக்கு மரத்துல பேட்டர்ன் செய்யறவன். மரம் வெட்டறது, எடையைச் சரி பார்க்கறது ரெண்டும் கை பழகின வேலை. அதனால இந்த இடத்துல கொஞ்சம் நின்னு சொல்றேன்.

ராக்கெட்டுல ரெண்டு புள்ளி இருக்கு. ஒண்ணு எடைப்புள்ளி: விரல் மேல வெச்சா சாயாம நிக்கற இடம். இன்னொண்ணு காத்துப்புள்ளி: பக்கவாட்டுல அடிக்கற காத்து மொத்தமும் சேர்ந்து தள்ளற இடம். எடைப்புள்ளி முன்னாடி, காத்துப்புள்ளி பின்னாடி இருக்கணும். இடைவெளி குறைஞ்சது ஒரு குழாய் விட்டம், இங்க 25 மி.மீ. காத்துப்புள்ளியைக் கணக்குல கண்டுபிடிக்கற வழியை 1960-களில் ஜேம்ஸ் பாரோமன் கொடுத்தார். இப்ப ஓப்பன்ராக்கெட்னு இலவச மென்பொருளே இருக்கு.

என் கிட்டுல மூக்கு நுனியிலிருந்து எடைப்புள்ளி 17.5 செ.மீ., காத்துப்புள்ளி 23. இடைவெளி 5.5 செ.மீ., ரெண்டு விட்டத்துக்கு மேல. அருமை. இப்ப கீழ் அடுக்கை மாட்டுங்க. 37 கிராம் முழுக்க வாலுல போய் உட்கார்றதால எடைப்புள்ளி 25 செ.மீ.க்கு இறங்கிடுது. மேல இருக்கற பழைய இறக்கை மட்டும்னா காத்துப்புள்ளி முன்னாடி வந்துடும், ஏவறப்ப நேரா பிடிச்சுக்கற கம்பியை விட்டதும் ராக்கெட் கரணம் போடும். கீழ் அடுக்குக்கும் இறக்கை வேணும்.

நான் காத்துத் தடைக்குப் பயந்து சின்ன இறக்கையா வெச்சேன். காத்துப்புள்ளி 26.1-க்குத்தான் வந்துச்சு. இடைவெளி 1.1 செ.மீ., பாதி விட்டம்கூட இல்லை. காகிதத்துலயே தெரிஞ்சாலும் கயிறு கட்டிச் சுத்திப் பார்க்கணும்னு தோணுச்சு. நிஜ மோட்டாருக்குப் பதிலா 18 மி.மீ. தடிப்புல, 70 மி.மீ. நீளத்துல மரக்கட்டை ரெண்டு கடைஞ்சு, உள்ள ஈயம் வெச்சு மோட்டார் எடைக்குக் கொண்டாந்தேன். எடைப்புள்ளியில ரெண்டரை மீட்டர் நூலைக் கட்டித் தலைக்கு மேல சுத்தினா, மூக்கு முன்னாடி பார்த்துப் போகாம விசிறி மாதிரி சுழலுது. அந்த இறக்கையைக் கழட்டிப் போட்டேன்.

இறக்கை வெட்டறவங்களுக்கு ஒண்ணு: பால்சாவோட ரேகை, இறக்கையோட முன் விளிம்புக்கு இணையா ஓடணும். குறுக்க ஓடினா ஒரே தரையிறக்கத்துல ஒடியும்.

ஜூன் 24
ஒரு நண்பர் எழுதியிருக்கார், தீபாவளி ராக்கெட்டைப் பிரிச்சு மருந்தை எடுத்துக் குழாயில இடிச்சுக்கலாமேன்னு. வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கறேன், வேண்டாம். வீட்டுல மருந்து இடிக்கறவனுக்கு இரண்டாவது வாய்ப்புன்னு ஒண்ணு கிடைக்காது. கை போகும், கண்ணு போகும். சட்டப்படியும் இது 1884 வெடிபொருள் சட்டத்துக்கும் 2008 விதிகளுக்கும் கீழ வர்ற விஷயம்.

அமெரிக்காவுல இந்தப் பொழுதுபோக்கு பரவினதே இதைத் தடுக்கத்தான். 1950-களில் பசங்க வீட்டுல மருந்து கலந்து அடிபட்டாங்க. 1954-ல் நெப்ராஸ்காவுல செருப்புக்கடை வெச்சிருந்த ஆர்வில் கார்லைல், மோட்டாரைத் தனியா மாத்திப் போடற மாதிரி ராக்கெட் வடிவமைச்சார். வெர்ன் எஸ்டெஸ் அந்த மோட்டாரைச் செய்ய ஒரு இயந்திரத்தையே உருவாக்கினார். மோட்டாரைத் தொடாதே, ராக்கெட்டை மட்டும் நீ கட்டுங்கறதுதான் மொத்த யோசனையும்.

எனக்கு மோட்டார் வர்றது ஒரு கல்லூரி மாணவர் மன்றம் மூலமா. அவங்க உரிமம் உள்ளவங்ககிட்ட வாங்கறாங்க, ஏவற அன்னிக்கு அவங்க ஆசிரியர் கூட இருக்கார், காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துட்டுத்தான் போறோம். விமானத்துல வர்ற மாமன் மச்சான் யார்கிட்டயும் மோட்டார் கொண்டாரச் சொல்லாதீங்க, அதை விமானத்துல ஏத்தவே கூடாது.

ஜூன் 30
ரெண்டு மோட்டாரையும் எப்படிச் சேர்க்கறதுன்னு கேட்டிருந்தீங்க. கருமருந்து மோட்டார்ல மின்சாரமே வேண்டாம். கீழ் மோட்டாரோட மேல் முனையில மேல் மோட்டாரோட வாயை வெச்சு, சேர்ற இடத்துல செல்லோ டேப் ஒரே ஒரு சுத்து. கீழ் மோட்டார் வாய்ப் பக்கமிருந்து மேல் நோக்கி எரிஞ்சுட்டே வரும். கடைசியா மிஞ்சற மெல்லிசான மருந்துச் சுவர் உடைஞ்சு, அனல் துணுக்குகள் மேல் மோட்டாரோட வாய்க்குள்ள பாயும், அது பத்திக்கும். பத்தின வேகத்துல டேப் அறுந்து கீழ் அடுக்கு உதிர்ந்துடும்.

கிட்டுல மோட்டாரைப் பிடிக்கற கம்பிக் கொக்கி ஒண்ணு இருக்குமே, அதை எடுத்துடணும். மேல் மோட்டார் குழாயை விட்டு 12 மி.மீ. வெளிய நீட்டிட்டு இருக்கணும். பிடிப்புக்கு மாஸ்கிங் டேப் சுத்தி இறுக்கமா சொருகணும். கீழ் மோட்டாரும் அதே மாதிரி இறுக்கம். அது தளர்ந்திருந்தா மேல பத்தறதுக்கு முன்னாடியே பின்னாடி கழண்டு ஓடிடும்.

மேல 7 போட்ட மோட்டார், சி6-7. ரெண்டடுக்குல மேல் அடுக்கு ரொம்ப வேகமா ஓடிட்டு இருக்கும், மெதுவாகறதுக்கு நேரம் கொடுக்கணும்.

கீழ் அடுக்குக்குக் குடை இல்லை. தனியா விழும்போது அது நேரா பாயாம உருண்டு புரண்டு வரணும், அதுதான் அதுக்குப் பாதுகாப்பு. காலி மோட்டாரோட மாடியிலிருந்து போட்டுப் பார்த்தேன், நல்லா புரளுது.

ஜூலை 21
ஏவியாச்சு. நல்லபடியா முடியலை.

இடம், காங்கேயத்துக்குத் தெக்க எங்க மாமனோட கொறங்காடு, மாடு மேயற காடு. சூலூர் விமானப்படைத் தளத்துக்கும் பீளமேட்டு விமான நிலையத்துக்கும் பக்கத்துல இதெல்லாம் நினைச்சே பார்க்கக் கூடாதுங்கறதால அத்தனை தூரம் போனோம். மாடுகளையெல்லாம் கட்டுத்தறிக்கு ஓட்டியாச்சு. கம்பியைச் சுத்தி நாலு மீட்டருக்குப் புல்லைச் செதுக்கி, ரெண்டு குடம் தண்ணியும் வெச்சிருந்தோம்.

புது இறக்கை பெருசு. பழைய பயத்துல மூக்குக்குள்ள 6 கிராம் ஈயமும் வெச்சிருந்தேன். காத்து அடிச்சுட்டு இருந்துச்சு, ஆனா மன்றத்துப் பசங்க கோயமுத்தூர்ல இருந்து பஸ் பிடிச்சு வந்திருக்காங்க, திருப்பி அனுப்ப மனசு வரலை. கம்பியை விட்டதும் மூக்கைத் தென்மேற்குக் காத்துக்குள்ள திருப்பிச்சு. ஒவ்வொரு நொடிக்கும் இன்னும் சாய்ஞ்சுட்டே போச்சு. ரெண்டு செகண்டுக்குள்ள மேல் மோட்டார் பத்தினப்ப ராக்கெட் ஏறக்குறையப் படுத்துடுச்சு. பத்தினது, பிரிஞ்சது எல்லாம் கச்சிதம். முழு வேகத்துல காட்டுக்கு மேல பனைமர உயரத்துல பறந்து கிளுவை வேலியைத் தாண்டிப் போய் விழுந்துச்சு. விழுந்த பின்னாடிதான் குடை மருந்து வெடிச்சு, காஞ்ச கொழுக்கட்டைப் புல்லு புகைய ஆரம்பிச்சுச்சு. குடத்தைத் தூக்கிட்டு ஓடி அணைச்சோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. இருந்திருந்தா? ராத்திரி முழுக்க அதையே நினைச்சுட்டு இருந்தேன்.

எங்க அமுச்சி, அம்மாவைப் பெத்தவங்க, சொன்னது ஒரே வரி. "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், நீ காகிதத்தை விடறயே சாமி."

ஜூலை 22
ஏன் அப்படி ஆச்சுன்னு உட்கார்ந்து பார்த்தேன். 102 கிராம் ராக்கெட், 90 செ.மீ. கம்பி. கம்பியை விடறப்ப வேகம் செகண்டுக்குச் சுமார் 11 மீட்டர். காத்து 5 மீட்டர். ராக்கெட்டுக்கு எதிர்க்காத்து நேரா வரலை, 24 டிகிரி சாய்ஞ்சு வந்திருக்கு. பெரிய இறக்கைக்குக் காத்துப்புள்ளி 31.6, ஈயத்தோட எடைப்புள்ளி 23.8. இடைவெளி மூணு விட்டத்துக்கும் மேல. அவ்வளவு இருந்தா ராக்கெட் காற்றாடித் திசைகாட்டி மாதிரி, காத்து எங்கிருந்து வருதோ அங்க மூக்கைத் திருப்பிடும். குறைஞ்சா கரணம், அதிகமானா காத்துக்குப் படுக்கும்.

ஒத்தை மோட்டார்ல சாய்ஞ்சா பெருசா நஷ்டமில்லை, அதுக்கப்புறம் தள்ளறதுக்கு ஒண்ணும் கிடையாது. ரெண்டடுக்குல அந்தச் சாய்வை எடுத்துட்டுப் போய் ரெண்டாவது மோட்டார் அதே திசையில முழு விசையோட தள்ளுது. தம்பி, நீங்க கேட்டது உயரத்தைப் பத்தி. எனக்கு இப்பப் புரியறது, மேல் மோட்டார் பத்தற அந்த நொடியில ராக்கெட் நிமிர்ந்து நிக்குதாங்கறதுதான் ரெண்டடுக்கோட முழுப் பிரச்சினையும்.

முதல் தடவை மேல சி6-7 போட்டதும் தப்பு. ஏ8-5 போட்டிருந்தா கால்வாசிதான் உந்தம், வேலிக்கு இந்தப் பக்கமே விழுந்திருக்கும்.

ஆகஸ்ட் 14
காத்து நிக்கற வரைக்கும் ஏவப் போறதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியா நுழையற தென்மேற்குக் காத்து ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் அடிக்கும். காத்தாலை வெச்சவங்க அந்த இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கலை. மார்கழி விடியக்காலம்தான் நமக்கு. புல்லும் அப்பப் பச்சையா இருக்கும்.

சும்மா இருக்கற நேரத்துல மாணவர்களுக்கு ஏன் அடுக்குன்னு சொல்லிட்டு இருந்தேன். 1980 ஜூலை 18-ல் போன எஸ்.எல்.வி.-3, 17 டன் எடை, நாலு திட எரிபொருள் அடுக்கு. அது கொண்டு போய் வெச்ச ரோகிணி செயற்கைக்கோள் 35 கிலோதான். காலியான கூட்டைத் தூக்கிட்டே ஓடறதுல பயனில்லைங்கற ஒரே காரணம். ஒரு பொண்ணு கேட்டா, நாலு அடுக்கும் சாயாம எப்படிப் போகுதுன்னு. அதுல திசையைத் திருத்தற கருவி இருக்கு, நம்மகிட்ட இறக்கை மட்டும்தான். அவ ஊரு கோதவாடிக்குப் பக்கம். மயில்சாமி அண்ணாதுரை பிறந்த ஊருன்னு சொல்றப்ப அவ முகத்துல வந்த வெளிச்சத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

நவம்பர் 9
மாத்தினது இவ்வளவுதான். மூக்குல இருந்த ஈயத்தை எடுத்துட்டேன். கீழ் இறக்கையை மேல் இறக்கை அளவுக்கே வெட்டிக் குறைச்சேன். காத்துப்புள்ளி 29.9, எடைப்புள்ளி 25. ரெண்டு விட்டம் இடைவெளி. நூல்ல சுத்தினா கோடு போட்ட மாதிரி போகுது. கம்பி 90 செ.மீ.க்குப் பதிலா ஒன்றரை மீட்டர், தடிப்பும் கூட. இப்ப கம்பியை விடற வேகம் சுமார் 14 மீட்டர். காத்து 2 மீட்டரா இருந்தா சாய்வு சுமார் 8 டிகிரிதான்.

மூக்கையும் குழாயையும் சேர்த்துப் பிடிக்கற கிட்டோட ரப்பர் கயிறு குட்டை. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போற 6 மி.மீ. எலாஸ்டிக் ஒரு மீட்டர் போட்டேன், அத்தனை நல்லா இழுத்துப் பிடிக்குது. குடைக்குப் பதிலா ஜிகினாத் தாள்ல 5 செ.மீ. அகல நாடா. 400 மீட்டர்ல குடை விரிஞ்சா அது அடுத்த ஊருக்குப் போயிடும்.

குடை மருந்துக்கும் நாடாவுக்கும் நடுவுல என்ன அடைக்கறதுன்னு பல்லடத்து அண்ணன் கேட்டிருந்தார். மில்லுல கிடைக்கற கழிவுப் பஞ்சு மட்டும் வேண்டாம்ங்கண்ணா. ஒத்தை மோட்டார்ல ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், பஞ்சு பத்திக் குடை உருகிப் பிசினா இறங்குச்சு. முட்டைக்கோஸ் இலை ரெண்டு கிள்ளிப் போடுங்க. தீப்பிடிக்காது, ஒட்டாது, விழுந்தாலும் மாடு திங்கும்.

டிசம்பர் 28
காலை ஆறே முக்கால். பனி இன்னும் புல்லு மேல. ஊதுபத்திப் புகை நேரா மேல போச்சு.

முதல்ல மேல ஏ8-5. நேரா போய், பிரிஞ்சு, வந்து விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் சி6-7.

ஏறுச்சு. கீழ் அடுக்கு எரியற சத்தம், அது முடியற இடத்துல ஒரு சின்ன பட், இடைவெளியே இல்லாம அடுத்த சத்தம். வெள்ளைக் கோடு ஒண்ணுல இருந்து இன்னொண்ணு, ரெண்டும் ஒரே நேர்கோட்டுல. யாரும் பேசலை. எதுவும் கண்ணுக்குத் தெரியலை கொஞ்ச நேரம். அப்புறம் மேல ஜிகினா மின்னுச்சு, எல்லாரும் கத்தினாங்க, நானும்தான்.

200 மீட்டர் தள்ளி நின்ன பையன், தூக்குக்குண்டு கட்டின கோணமானியில 64 டிகிரி படிச்சான். 410 மீட்டர். போன வருஷம் இதே கிட் ஒத்தை மோட்டார்ல 282.

டிசம்பர் 29
410-ங்கறதை அப்படியே எடுத்துக்காதீங்க. 64 டிகிரி மாதிரி செங்குத்தான கோணத்துல கை ரெண்டு டிகிரி ஆடினா 376-ம் வரும், 449-ம் வரும். அடுத்த தடவை 400 மீட்டர் தள்ளி நிக்கணும், கோணம் 45 பக்கம் வந்தா பிழை குறையும். ரெண்டு பேர் ரெண்டு பக்கத்துல நின்னா இன்னும் நல்லது. எப்படி வெச்சுப் பார்த்தாலும் ரெட்டிப்பு இல்லை, ஒன்றரை மடங்குக்குப் பக்கம்.

ஜனவரி 10
கீழ் அடுக்கு அன்னிக்குக் கிடைக்கலைன்னு எழுத மறந்துட்டேன். நேத்து மாமன் கிளுவை வேலிக்குள்ள பார்த்து எடுத்து வெச்சிருக்கார். ஒரு இறக்கையில ஓரம் மட்டும் நசுங்கியிருக்கு, குழாய் அப்படியே இருக்கு.

தம்பி, பொங்கல் கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை உங்க கிட்டை எடுத்துட்டு வாங்க. காலைல ஆறு மணிக்குள்ள வந்தாத்தான் காத்து கிளம்பறதுக்கு முன்னாடி முடிக்க முடியும். இறக்கையை மட்டும் இன்னும் ஒட்டாம வெச்சிருங்க, முதல்ல எடைப்புள்ளி பார்த்துட்டு அளவு வெட்டிக்கலாம். வர்ற வழியில ஒரு முட்டைக்கோஸ்.